கூடுதலாக வந்த பணம் யாருடையது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவாவில் ஆற்றில் நிற்கும் சூதாட்டக் கப்பல் ஒன்றுக்கு நண்பர்களுடன் சென்று திரும்பிய எங்கள் ஊர் இளைஞர் ஒருவர், சிப்களை (பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லைகளை) மீண்டும் பணமாக மாற்றும் இடத்தில் தமக்கு 8,000 ரூபாய் கூடுதலாகத் தந்துவிட்டதையும், எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொண்ட பின்பும் வாய் திறவாமல் இறங்கி வந்ததையும், மார்த்தாண்டத்தில் ஒரு தேநீர்க் கடையில் பெருமையுடன் சொல்லிக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்களில் ஒருவரும் அதைத் தவறென்று சொல்லவில்லை. ஊரை அடித்து உலையில் போடுகிறவர்களிடமிருந்து கொஞ்சம் எடுத்தால் என்ன என்பதே அனைவரின் பேச்சாகவும் இருந்தது. அந்தப் பேச்சு என்னை உறுத்திக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

நான் 31 ஆண்டுகள் வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தொண்ணூறுகளில் ஒரு நாள், கூட்டம் மிகுந்த நேரத்தில், நூறு ரூபாய்க் கட்டுக்குப் பதிலாக ஐந்நூறு ரூபாய்க் கட்டு ஒன்றை ஒரு வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட்டேன். மாலையில் கணக்கு முடிக்கும்போது 40,000 ரூபாய் குறைந்தது. யாரிடம் போயிருக்கும் என்று ஊகித்து அன்றிரவே அவர் வீட்டுக்குச் சென்றேன். அவர் மறுக்கவில்லை. “எண்ணிக் கொடுப்பது உங்கள் வேலை, வாங்கிக்கொள்வது என் வேலை” என்று மட்டும் சொன்னார். வங்கிக்கு அதனால் ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை. பல மாதச் சம்பளத்தை நான்தான் கட்டித் தீர்த்தேன். பெரிய நிறுவனத்தின் பணம்தானே என்று சொல்பவர்கள், அந்தப் பணம் கடைசியில் யாருடைய பையிலிருந்து போகிறது என்பதை அறிந்து சொல்வதில்லை. கப்பலில் இரவு முழுவதும் விழித்திருந்து பணம் எண்ணிக் கொடுத்தவரின் பிழைக்கு யார் ஈடு கட்டினார் என்பது எங்கள் ஊர் இளைஞருக்கும் தெரியாது.

தமிழகத்தில் 2003இல் லாட்டரி நின்றுபோன பிறகு, சீட்டு வாங்க விரும்பும் நம் மாவட்டத்தார் களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைப் பக்கம் போவது யாவரும் அறிந்ததே. அங்கே சாலையோரத்தில் சீட்டு விற்கும் ஊனமுற்ற ஒருவர், ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு சீட்டுகளை ஒன்றெனக் கொடுத்துவிட்டால், அன்று தேநீர்க் கடையில் நின்ற அத்தனை பேரும் ஒன்றைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அப்படியானால் எடுப்பது தவறு என்பதை அவர்கள் அறிந்தே இருக்கிறார்கள். எதிரே நிற்பவர் பணக்காரர் என்றால் மட்டும் அந்தத் தவறு எங்கே போய்விடுகிறது?

அதற்காக, சூதாட்டக் கூடத்திடமிருந்து ஆதாயம் பெறுவது எல்லாமே மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில், 2008க்குப் பிந்தைய பொருளாதாரச் சரிவில் வருமானம் குறைந்துபோன கூடங்கள், பெரும் பந்தயம் வைப்பவர்களை இழுப்பதற்காகத் தோற்ற தொகையில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தன. டான் ஜான்சன் என்ற ஆட்டக்காரர் 20 சதவீதத் தள்ளுபடியைப் பேரம் பேசிப் பெற்றார். அதாவது 100 டாலர் தோற்றால் 80 கட்டினால் போதும், வென்றால் 100 முழுதாகக் கிடைக்கும். ஆட்ட விதிகளையும் தமக்குச் சாதகமாகக் கேட்டுப் பெற்று, 2011 வாக்கில் மூன்று கூடங்களில் சுமார் 1.5 கோடி டாலர் வென்றார். கணக்கு நிபுணர்களை வைத்துக்கொண்டு தாமே முன்வந்து ஒப்புக்கொண்ட ஒரு நிறுவனம் பிறகு வருந்தினால், அதற்கு ஆட்டக்காரர் பொறுப்பில்லை.

ஃபில் ஐவி என்ற அமெரிக்கச் சீட்டாட்டக்காரரின் வழக்கு வேறு. 2012இல் லண்டன் கிராக்ஃபோர்ட்ஸ் சூதாட்ட மன்றத்தில் அவர் 77 லட்சம் பவுண்டு வென்றார். சீட்டுகளின் பின்புற வடிவம் இரு ஓரங்களிலும் ஒரே மாதிரி இல்லை என்பதைக் கண்டுகொண்டு, தேவையான சீட்டுகளை மட்டும் திருப்பி வைக்கும்படி, அது தம் அதிர்ஷ்ட நம்பிக்கை என்று சொல்லி, சீட்டுப் போடும் பணிப்பெண்ணை அவரும் உடன் ஆடியவரும் கேட்டுக்கொண்டார்கள். தாம் என்ன செய்கிறோம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. ஐவி அதை நேர்மையான ஆட்டம் என்றே நம்பினார் என்பதை ஏற்றுக்கொண்ட பின்பும், பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2017இல் அதை ஏமாற்று என்றே தீர்ப்பளித்தது. ஜான்சன் தமக்கு வேண்டியதை எதிராளியின் முகத்துக்கு நேரே கேட்டார். ஐவி பொய்யான ஒரு காரணத்தைச் சொல்லித்தான் கேட்க முடிந்தது. நான் பார்க்கும் வேறுபாடு அதுதான்.

இரண்டுக்கும் நடுவே என்னை யோசிக்க வைத்த நிகழ்வும் உண்டு. 2012 ஏப்ரலில் அட்லாண்டிக் சிட்டியின் கோல்டன் நகெட் சூதாட்டக் கூடத்தில், கலைத்து வந்திருக்க வேண்டிய சீட்டுக்கட்டுகள் கலைக்கப்படாமல் வந்துவிட, சீட்டுகள் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வந்தன. 10 டாலர் வைத்தவர்கள் 5,000 டாலர் வைக்கத் தொடங்கினார்கள். 14 பேர் தொடர்ந்து 41 சுற்றுகள் வென்று 15 லட்சம் டாலருக்கு மேல் சேர்த்தார்கள். அவர்கள் யாரிடமும் பொய் சொல்லவில்லை. ஆயினும் பந்தயத்தைப் பல நூறு மடங்காக உயர்த்தியபோது, தாம் ஆடுவது இனி ஆட்டமே அல்ல என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இருதரப்பும் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 2015இல் வந்த தீர்ப்பை நான் சரியென்றே கருதுகிறேன்.

நிறுவனங்களுக்கும் இதே நியாயம் பொருந்த வேண்டும். 2018இல் பெட்ஃபிரெட் என்ற பந்தய நிறுவனத்தின் செயலியில் விளையாடி 17 லட்சம் பவுண்டு வென்ற இங்கிலாந்துக்காரருக்கு, மென்பொருள் கோளாறு என்று சொல்லிப் பணம் மறுக்கப்பட்டது. கோளாறு இருப்பதே அவருக்குத் தெரியாது. 2021இல் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வங்கியில் பணம் குறைந்தால் மட்டுமின்றிக் கூடினாலும் நாங்கள் கணக்கில் எழுதியாக வேண்டும். கோளாறினால் வாடிக்கையாளர் தோற்ற பணத்தை ஒரு நிறுவனம் தானாக முன்வந்து திருப்பித் தராவிட்டால், வென்ற பணத்தை மட்டும் கோளாறு என்று தடுக்க அதற்கு உரிமையில்லை.

இணையச் சூதாட்டத் தளங்கள் புதிதாகச் சேர்பவர்களுக்குத் தரும் போனஸுக்காகப் பாட்டியின் பான் எண்ணையும் தாயின் கைப்பேசியையும் கொண்டு பல கணக்குகள் தொடங்கிய மாணவர்களை நான் அறிவேன். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமியற்றித் தடை செய்த பின்பும், அதைச் சாமர்த்தியம் என்றே அவர்கள் நினைக்கிறார்கள். இத்தகைய வெற்றிகளைப் பற்றிய செய்திகளை வெளியிடும்போது, அந்தப் பணம் எவ்வாறு பெறப்பட்டது என்பதையும் தங்கள் நாளிதழ் சேர்த்து எழுத வேண்டுகிறேன்.

அந்த இளைஞரிடம், ரசீதில் உள்ள எண்ணை அழைத்து அன்றைய இரவு கணக்கில் பணம் குறைந்ததா என்று மட்டும் விசாரிக்கச் சொன்னேன். ரசீது இன்னும் அவரிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கிக் காசாளர்,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.