அசைன்மென்ட் வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவர்களுக்கு

டிசைனர்களை இன்டர்வியூ எடுக்கும் எச்.ஆர். மற்றும் டிசைன் லீடுகளுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் உங்களில் ஒருவர் போன் செய்து, "சின்ன அசைன்மென்ட்தான், திங்கட்கிழமை காலைக்குள்ள அனுப்பிடுங்க" என்றார். மெயிலைத் திறந்தால், அவர்கள் ஆப்பிலேயே பணம் கட்டும் பகுதியை முழுசாக மாற்றித் தரவேண்டும். 14 ஸ்கிரீன், அழுத்திப் பார்க்கிற மாதிரி (புரோட்டோடைப்), போதாததற்கு ஒரு பிரசன்டேஷன் வேறு. சின்னதாம்!

அக்கா பெண்ணின் காதுகுத்துக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்தேன். அதில் யுபிஐ பணம் நடுவில் சிக்கிக்கொள்ளும் ஸ்கிரீன் ஒன்றுக்கு மட்டும் நாலு மணி நேரம். கணக்கில் பணம் கழிந்துவிட்டது, கடைக்காரருக்கு வரவில்லை, திரும்ப அழுத்தினால் இரண்டு தடவை போய்விடுமோ என்று கை நடுங்குகிறவரிடம் என்ன சொல்வது? கடைக்குச் சேராத பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே சொல்லியிருக்கிறது. அதைத் தேடிப் படித்துத்தான் அந்த ஸ்கிரீனில் இரண்டே வரி எழுதினேன்.

திங்கட்கிழமை ஃபிக்மா லிங்க் போனது (டிசைன் செய்கிற ஆன்லைன் கருவி, யார் திறந்து பார்க்கிறார்கள் என்பதும் அதில் அப்போதே தெரியும்). செவ்வாய் மதியம் ஃபைலைத் திறந்தபோது மேலே இரண்டு பேருடைய படம் தெரிந்தது, இரண்டு கர்சரும் அந்த ஸ்கிரீனையே சுற்றிக்கொண்டிருந்தன. சரி, பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். அவ்வளவுதான். இரண்டு மெயில், வாட்ஸ்அப்பில் நீல டிக், போனை எடுக்கவில்லை. சிக்கின பணத்துக்கு ஐந்து நாள் கணக்கு இருக்கிறது, சிக்கின டிசைனருக்கு ஒன்றும் இல்லை.

நூற்றுக்கணக்கில் ரெஸ்யூம் வருவது தெரியும், எல்லோருக்கும் பதில் போடச் சொல்லவில்லை. ஆனால் அசைன்மென்ட் செய்யவைத்த நாலைந்து பேருக்கு "வேண்டாம்" என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரமாகும்? என் போர்ட்ஃபோலியோவில் ஏழு வேலை இருக்கிறது, ஒன்றைத் திறந்து ஒரு மணி நேரம் குடைந்து கேளுங்கள். டெஸ்ட் வைத்தே ஆகவேண்டுமா, உங்கள் ஆப்பை விட்டுவிட்டு வேறு எதையாவது கொடுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் பணம் கொடுங்கள். அப்புறம் இன்னொன்று, நான் உங்கள் ஊழியர் இல்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதவரை, 1957 பதிப்புரிமைச் சட்டப்படி அந்த 14 ஸ்கிரீனும் என்னுடையவை.

அந்த லிங்க் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை திறந்திருக்கும். ஏதாவது சொல்ல நினைத்தால் கமென்டில் போடுங்கள், அதன் பிறகு மூடிவிடுவேன்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு டிசைனர்