உடைமை என்ன, கடன் என்ன

அன்புள்ள பெரியப்பா,

அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் "பயமா இருக்குலே" என்றீர்கள். நான் உடனே "நாமார்க்கும் குடியல்லோம் நமனை யஞ்சோம்" என்று அப்பரை எடுத்துவிட்டேன். நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, பாஸ்புக் எங்கே இருக்கிறது, யாருக்காவது கொடுக்க வேண்டியது உண்டா என்றும் கேட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அந்தக் கேள்வி நீங்கள் பாடுகிற திருப்புகழிலேயே இருக்கிறது. "தொந்தி சரிய", செந்தூர்ப் பாட்டு. சின்ன வயசில் திருச்செந்தூர் பாசஞ்சரில் எங்களைக் கூட்டிப் போகும்போது, ஆழ்வார்திருநகரி தாண்டியதும் ஆரம்பிப்பீர்கள். "இருமல் கிண்கிணென" வந்ததும் இருமிக் காட்டுவீர்கள். நாசரேத் வரைக்கும் சிரிப்போம். மயிர் வெளுத்து, பல் ஆடி, முதுகு வளைந்து தடியூன்றி வரும் கிழவனைப் பார்த்துப் பெண்கள் சிரிப்பதும் அதில் உண்டு. நாங்களும் அந்தக் கூட்டம்தான். பிறகு நோய், அதோடு ஒரு பண்டிதன் (வைத்தியரைத்தான் சொல்கிறார்), வேதனை. அடுத்து "மைந்தர் உடைமை கடனேதென முடுக". 15-ஆம் நூற்றாண்டிலேயே அருணகிரிநாதர் என்னைப் பார்த்திருக்கிறார்.

சந்தம் துள்ளிக்கொண்டு போவதால் இத்தனை வருஷம் காதோடு நின்றுவிட்டது. அந்தப் பாட்டில் எங்கேயும் அவர் 'அஞ்சமாட்டேன்' என்று சொல்லவில்லை. மனைவி அழுது விழ, எமபடர் வந்து நிற்க, மலம் ஒழுக, உயிர் மங்குகிற பொழுதில் "கடிதே மயிலின்மிசை வரவேணும்" என்று முருகனை அவசரப்படுத்துகிறார். பயந்தவன் பேச்சு அது.

அப்பரையும் நான் பாதிதான் சொன்னேன். அவருடைய முதல் பதிகமே திருவதிகையில் சூலைநோய் தாங்காமல் பாடியது: "கூற்றாயினவாறு விலக்ககிலீர்". எமனாக வந்த வலி குடலை முடக்குகிறது, "ஆற்றேன் அடியேன்" என்கிறார். 'நமனை அஞ்சோம்' பிற்பாடு, அரசனுடைய ஆட்கள் அழைக்க வந்தபோது அவரே தன் வாயால் சொன்னது. பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன் எடுத்துக்கொடுத்த வரி இல்லை.

பாஸ்புக்கை எடுத்த மரப்பெட்டியிலேயே வைத்துவிட்டேன். சனிக்கிழமை வாரேன், பெரியப்பா. பயமா இருக்குன்னு சொன்னா இந்தத் தடவை வாயை மூடிக்கிட்டுக் கேக்கேன். பாட்டை நான் ஆரம்பிக்கேன். அந்த இருமல் இடம் மட்டும் உங்களுக்கு.

உங்கள் தம்பி மகன்