அந்தக் கிழவிக்குக் காது கேட்கவில்லை, ஐயா

1692 ஜூன் கடைசியில், இன்றைய அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள சேலம் நீதிமன்றத்தில், சூனியக்காரி என்று குற்றம்சாட்டப்பட்ட ரெபெக்கா நர்ஸ் என்ற கிழவியை விசாரித்த ஜூரிகளுக்கு,

தலைமை நீதிபதி ஸ்டௌட்டனுக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை. அவர் கடைசிவரை வருந்தாத மனிதர். நீங்கள் அப்படியல்ல. 'குற்றமில்லை' என்றுதானே முதலில் தீர்ப்புச் சொன்னீர்கள்! அந்த ஊரில், அந்த மாதத்தில், அது லேசான காரியமில்லை. ரெபெக்காவுக்கு 71 வயது. அவர் நல்லவர் என்று அக்கம்பக்கத்தார் 39 பேர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நீங்களும் அதை நம்பினீர்கள் போலிருக்கிறது.

அப்புறம்தான் வினை வந்தது. சூனியம் வைத்ததாகக் குற்றம்சாட்டிய பெண்கள் தீர்ப்பைக் கேட்டதும் அலறினார்கள். ஸ்டௌட்டன் ஒரு வாக்கியத்தை உங்களுக்கு எடுத்துக் கொடுத்தார். தான் சூனியக்காரிதான் என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்ட டெலிவரன்ஸ் ஹாப்ஸைச் சாட்சி சொல்லக் கூட்டி வந்தபோது, "இவளையா கொண்டுவருகிறீர்கள்? இவள் எங்களில் ஒருத்தியாயிற்றே" என்றாராம் ரெபெக்கா. எங்களோடு சிறையில் கிடப்பவள் என்று அவர் சொன்னது, சூனியக் கூட்டத்தைச் சேர்ந்தவள் என்று உங்கள் காதில் விழுந்தது.

சரி, சந்தேகம் வந்தது, திரும்பி வந்து அவரிடமே கேட்டீர்கள். அதுவரை சரிதான். அவர் பதில் பேசவில்லை. மௌனம் சம்மதம் என்று எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சில் சொல்வார்கள். நீங்கள் அதை வைத்து ஓர் உயிரையே எடுத்துவிட்டீர்கள். அந்த மௌனத்துக்குப் பிறகுதான் அச்சொற்கள் தனக்கு முக்கியச் சாட்சியமாயின என்று உங்கள் தலைவர் தாமஸ் ஃபிஸ்க் ஜூலை 4 அன்று தன் கைப்பட எழுதியிருக்கிறார். தனக்குக் காது மந்தம், மனம் துக்கத்தில் இருந்தது, தன் பேச்சை நீதிமன்றம் எப்படி எடுத்துக்கொண்டது என்று யாரும் சொல்லவில்லை என்று ரெபெக்கா பிறகு விளக்கினார். ஆளுநர் ஃபிப்ஸ் தண்டனையை நிறுத்திவைத்தார். பின்பு அதையும் திரும்பப் பெற்றார். ஜூலை 19 அன்று, வேறு நான்கு பெண்களோடு, தூக்கு.

1697இல் ஃபிஸ்க் உட்படப் பன்னிரண்டு ஜூரிகள் கையெழுத்திட்டு மன்னிப்புக் கேட்டீர்கள். அதற்கும் ஒரு மனது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இருளின் சக்திகள் செய்த மாயத்தை எதிர்க்க முடியாமல் போனதாக அதிலும் எழுதியிருந்தீர்களே, அதுதான் உறுத்துகிறது. அன்று கூண்டில் நின்றது எந்த மாயமும் இல்லை. காது மந்தமான ஒரு கிழவி. கிட்டே போய், கொஞ்சம் சத்தமாக, இன்னொரு தரம் கேட்டிருக்கக் கூடாதா?

இப்படிக்கு,
உங்கள் முதல் தீர்ப்பை மதிக்கும் ஒருவன்