ஒல்லாந்தர் இல்லத்துக்கு மாணவரை அழைத்துச் செல்வோருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னிப் பாடசாலைகளின் கொழும்புச் சுற்றுலாக்கள் மிருகக்காட்சிச்சாலையும் காலிமுகத்திடலுமாகவே முடிகின்றன. புறக்கோட்டை பிரின்ஸ் வீதியிலுள்ள ஒல்லாந்தர் கால அருங்காட்சியகத்தையும் சேர்க்க வேண்டும். 1690களில் ஆளுநராக இருந்த தோமஸ் வான் ரீயின் இல்லம் அது. பின்னர் மருத்துவமனையாகவும் தபாலகமாகவும் இருந்து, 1982இல் அருங்காட்சியகமானது.

அந்தச் சந்தைத் தெருவில் பெரிய பஸ் நிற்காது. கோட்டை புகையிரத நிலையத்துக்கு அண்மையில் இறக்கி, இருவர் இருவராக நடத்திச் செல்லுங்கள். திறக்கும் நாளை முன்பே தொலைபேசியில் உறுதிசெய்யாமல் புறப்பட்டால் பூட்டிய கதவைத்தான் பார்க்க நேரும்.

எல்லோரையும் ஒரே நேரத்தில் மாடிக்கு ஏற்றாதீர்கள். விளக்கம் பின்வரிசைக்குக் கேட்காது. இருபது பேர் மேலே சென்றால், மற்றவர்கள் உள்முற்றத்தையும் தடித்த சுவர்களையும் உயர்ந்த தூண்களையும் பார்க்கட்டும். வெயிலைத் தடுக்கவும் காற்றை உள்ளே விடவும் செய்த அமைப்பு அது. அங்குள்ள ஒல்லாந்தர் கால நாணயங்களில் பெரிய ‘வீ’ எழுத்தின் இடக்கையில் ‘ஓ’வும் வலக்கையில் ‘சி’யும் கோத்திருக்கும், அதுவே ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை.

அவ்விடத்தில் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: அந்தக் கம்பனிக்கு வன்னியை ஆண்ட சிற்றரசர்களான வன்னியர்கள் திறையாகக் கொடுத்தவை நம் காட்டு யானைகள். யாழ்ப்பாணத்தில் அவை வியாபாரிகளுக்கு விற்கப்பட்டன. இதைக் கேட்காத வன்னிப் பிள்ளைக்கு அங்கிருப்பவை வெறும் பழைய கதிரைகளும் அலுமாரிகளும்தான்.

வாசகர்கள்,
வவுனியா.