முதலில் ஊசி, அப்புறம் தூக்கம்

குழந்தைகள் நரம்பியல் துறைக்கும் அணு மருத்துவத் துறைக்கும்,

வணக்கம். எங்கள் மகளுக்கு எடுத்த மூளை ரத்த ஓட்ட ஸ்கேனின் ரிப்போர்ட் கிடைத்தது. 'குறிப்பிடும்படியான மாற்றம் எதுவும் இல்லை' என்று போட்டிருக்கிறீர்கள். எப்படி இருக்கும்?

அவளுக்கு இருப்பது பக்கம் மாறி மாறி வரும் பக்கவாதம். பத்து லட்சத்தில் ஒரு குழந்தைக்கு வருவது என்று எங்களுக்குச் சொன்னதே நீங்கள்தான். இந்த நோயோடு தொடர்புள்ள ஏடிபி1ஏ3 மரபணுவின் ரிசல்ட் உங்கள் ஃபைலிலேயே இருக்கிறது. தூங்கினால் அட்டாக் விட்டுவிடும், அதை வைத்தே இந்த நோயை அடையாளம் காண்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல.

அன்றைக்கு ஸ்கேன் அறை வாசலில் காத்திருக்கும்போதே அவளுக்கு அட்டாக் வந்துவிட்டது. இடது கையில் பிடித்திருந்த பொம்மை நழுவியது. கை துணி மாதிரி தொங்கியது, வாயோரம் எச்சில் வழிந்தது. ஆனால் முழு நினைவோடுதான் இருந்தாள், கூப்பிட்டால் பார்த்தாள். "இப்போதே ஸ்கேன் மருந்தை ஏற்றிவிடுங்கள்" என்று கெஞ்சினோம். "குழந்தை அசையும்மா, முதலில் தூங்க வைக்கணும், அதுதான் முறை" என்றார்கள். தூங்க வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அரைத் தூக்கத்திலேயே அதே இடது கையைத் தூக்கி மூக்கைத் தேய்த்தாள். அதற்குப் பிறகுதான் டெக்னீசியம் என்ற அந்தக் கதிரியக்க ஸ்கேன் மருந்து ஏறியது.

ஏற்றிய ஓரிரு நிமிடங்களிலேயே மூளையில் போய்த் தங்கிவிடும் மருந்து அது. அந்த நேரத்து ரத்த ஓட்டம்தான் படத்தில் விழும். ஒரு மணி நேரம் கழித்துப் படம் எடுத்தாலும் அது மாறாது. அப்படியானால் படம் எடுக்கும்போது தூங்கினால் போதாதா? ஊசி போடும்போது எதற்குத் தூங்க வேண்டும்? நாங்கள் கேட்பது இது ஒன்றுதான்: அட்டாக் இருக்கும்போது, குழந்தை விழித்திருக்கும்போது, ஊசி போடுங்கள்.

புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. வலிப்புக் குழந்தைகளுக்கு மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு, வலிப்பு தொடங்கிய நொடியில் ஏற்றுகிறீர்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும் வலிப்பைப் பிடிக்க முடிகிறது, மணிக்கணக்கில் கிடக்கும் பக்கவாதம் மட்டும் கைக்குச் சிக்கவில்லை! ஒருவேளை எங்கள் மகள் முன்கூட்டியே அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டு அட்டாக்கை வரவழைக்க வேண்டுமோ என்னவோ. அப்படியே வந்தாலும் 'முறை' விடாது.

மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டேன். படம் கிடைத்தால் நோய் தீர்ந்துவிடும் என்ற நினைப்பெல்லாம் எங்களுக்கு இல்லை. அட்டாக் நேரத்துப் படங்களும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்று படித்திருக்கிறோம். ஆனால் பிஞ்சு உடம்பில் கதிரியக்க மருந்தை ஏற்றுவதென்றால், ஏற்றுகிற நேரமாவது சரியாக இருக்க வேண்டாமா?

மறுபடி ஸ்கேன் செய்யலாம் என்கிறீர்கள். சரி. 'அட்டாக்கின்போது, மயக்க மருந்துக்கு முன் ஊசி' என்று கேஸ் ஷீட்டில் எழுதி, இரண்டு துறையும் கையெழுத்துப் போடுங்கள். அதைப் பார்த்த பிறகுதான் நாங்கள் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுவோம். தயவுசெய்து இதை மட்டும் செய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
குழந்தையின் அம்மா