அலன்டவுன் கிளை: முதலாம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை மின்னஞ்சலில் போகும். அதையாவது திறந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்பானிஷ் பேசும் ஊர்களின் வழிவந்த நம் ஹிஸ்பானியத் தொழில்வல்லுநர்களின் சங்கத்துக்கு இங்கே, பென்சில்வேனியாவின் அலன்டவுனில், தனிக் கிளை எதற்கு, ஃபிலடெல்பியாவில்தான் ஒன்று இருக்கிறதே என்று தலைமைச் சங்கத்தில் முதலில் கேட்டார்கள். வேலை முடிந்து கிளம்பி, நெரிசலில் அந்த 60 மைலைக் கடப்பதற்குள் கூட்டமே கலைந்துவிடும் என்று எழுதினேன். 2020 கணக்கெடுப்பின்படி அலன்டவுனில் சுமார் 1,25,000 பேர். பாதிக்கு மேல் நம்மவர்கள். 1923இல் பெத்லகேம் ஸ்டீல் கம்பெனி டெக்சாஸிலிருந்து மெக்சிகோத் தொழிலாளர்களை ரயிலில் கொண்டுவந்து இறக்கிய பகுதி இது. இன்றும் கிடங்குகளில் பெட்டி தூக்குகிறவர்களில் நம்மவர்களைத் தேட வேண்டியதில்லை. அலுவலக மேல்மாடியில்தான் தேட வேண்டியிருக்கிறது என்றும் சேர்த்தேன். அனுமதி வந்தது.

துணைவிதிகள் ஏற்கப்பட்டன. வரித்துறை எண்ணும் வங்கிக் கணக்கும் வாங்கியாயிற்று. கோடைச் சந்திப்பு மழையால் ஒத்திவைக்கப்பட்டு, பிறகு நடந்தது.

தொடக்க விழாவில் உட்கார இடமில்லை. பூரணம் வைத்த எம்பனாடா பலகாரம் தீரும் வரை யாரும் நகரவில்லை. விசிட்டிங் கார்டுகள் கைமாறின, படங்கள் அன்றிரவே லிங்க்ட்இன்னில் ஏறின. அடுத்த செயற்குழுவுக்குக் கோரம் இல்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. ‘தொடக்க உறுப்பினர்’ என்று தன் லிங்க்ட்இன் பக்கத்தில் போட்டுக்கொண்டவர்களில் சிலர் இன்றுவரை சந்தாவே கட்டவில்லை என்பதைப் பெயர் சொல்லாமல் பதிவு செய்கிறேன்.

செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை ஹிஸ்பானிய மரபு மாதம். 1968இல் ஒரு வாரமாகத் தொடங்கியதை 1988இல் மாதமாக்கினார்கள். இந்த நாலு வாரமும் கம்பெனிகளிலிருந்து ஓயாமல் அழைப்பு: பேச ஆள் வேண்டும், படத்துக்கு நிற்க ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் ஆள் அனுப்பினோம். அக்டோபர் 16க்குப் பிறகு நன்கொடை பற்றிக் கேட்டால், பட்ஜெட் முடிந்துவிட்டதாம்.

இனி சனிக்கிழமை மேசை. இது என் யோசனை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நூலகத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பிரிண்டர். தொழில் உரிமம் தேடுகிறவர்களுக்கு விண்ணப்பத்தில் உதவும் இடம். 2017இல் மரியா புயலுக்குப் பிறகு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து இங்கே வந்தவர்களில் படித்தவர்களும் உண்டு. 1917இலிருந்து அந்தத் தீவினர் அமெரிக்கக் குடிமக்கள், விசா வேண்டாம். ஆனால் குடியுரிமை வேறு, தொழில் உரிமம் வேறு. போன்ஸே ஊர்ச் செவிலியர் ஒருவர் தாள்களையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்தார். கிடங்கில் இரவு ஷிப்ட். தீவில் ஸ்பானிஷில் எழுதிய உரிமத் தேர்வு இங்கே செல்லாது. என்கிளெக்ஸ் என்ற செவிலியர் உரிமத் தேர்வை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அதற்கு முன்பே ஒரு சிக்கல். பட்டத்தில் அப்பா வழிக் குடும்பப் பெயர், அம்மா வழிக் குடும்பப் பெயர் இரண்டும் சேர்த்து ‘ரிவேரா கொலோன்’. கம்ப்யூட்டர் கடைசிப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு ‘கொலோன்’ என்றது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கவே ஒரு சனிக்கிழமை போயிற்று. இப்போது விண்ணப்பம் போய்விட்டது, படித்துக்கொண்டிருக்கிறார். டொமினிகன் குடியரசிலிருந்து வந்த பொறியாளர்களுக்குப் பட்ட மதிப்பீடு என்று இன்னொரு படி கூடுதல்.

இது சமூக சேவை, நம் வேலை தொடர்பு வளர்ப்பது என்று செயற்குழுவில் ஒரு கருத்து வந்தது. சரி. தொடர்பு யாருக்கு வேண்டும்? ஏற்கெனவே மேல்மாடியில் இருப்பவருக்கு எங்கள் கார்டு எதற்கு? அந்தக் கருத்தைச் சொன்னவர்கள் ஒரு சனிக்கிழமையாவது வந்து உட்கார்ந்து பார்த்திருந்தால் பதில் சொல்ல எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

கணக்கைப் பொருளாளர் தனியாக வைப்பார். சுருக்கமாக: வரவும் செலவும் ஏறத்தாழச் சரி, கையைக் கடிக்கவில்லை. பிரிண்டர் மை மட்டும் எதிர்பார்த்ததைவிட அதிகம். சந்தா பாக்கி எவ்வளவு என்பதைப் பார்க்க விரும்புகிறவர்கள் பட்டியலைப் பார்க்கலாம். சந்தாவில் ஒரு பங்கு தலைமைச் சங்கத்துக்குப் போகிறது. கட்டாதவர் பங்கு வானத்திலிருந்து வராது. நம் வரவு 50,000 டாலருக்கு வெகு கீழே என்பதால் வரித்துறைக்குச் சிறிய மின்படிவமே போதும். ஆனால் மூன்று ஆண்டு தொடர்ந்து விட்டுவிட்டால் வரிவிலக்கு தானாகப் போய்விடும். இந்த ஆண்டுக்கானதை மே 15க்குள் அனுப்பியாயிற்று.

இடம் தந்த நூலகத்துக்கும், விழாவுக்கு ஒலிபெருக்கி தந்தவருக்கும், தலைவருக்கும், துணைத்தலைவருக்கும், சமையல் பார்த்த குடும்பங்களுக்கும் நன்றி. விட்டுப்போனவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

அடுத்த ஆண்டு தேர்தல். மறுபடி நிற்பதா என்று நான் முடிவு செய்யவில்லை. யாராவது முன்வந்தால் கோப்புகளைச் சந்தோஷமாக ஒப்படைப்பேன். மேசையை நிறுத்தக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. செவிலியர் உரிமமோ பொறியாளர் உரிமமோ உள்ளவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம் தந்தால் போதும். பதிவுத்தாள் இந்த அறிக்கையின் பின்னால் சுற்றுக்கு வருகிறது. வெறுமையாகத் திரும்பினால் அதையும் மினிட்ஸில் எழுதுவேன். பொருளாளர் கார்டு இயந்திரத்துடன் வாசலருகே உட்கார்ந்திருக்கிறார். சாப்பாடு அதற்குப் பிறகுதான்.

இப்படிக்கு,
செயலாளர்