சொல்லாமல் விட்ட அந்த எண்ணுக்கு நன்றிங்க அக்கா

கவுன்சலிங் அக்காவுக்கு வணக்கம்.

எங்கள் பிள்ளைக்கு அனோரெக்சியா, அதாவது எடை கூடிவிடுமோ என்று பயந்து சாப்பாட்டையே ஒதுக்கிப் பட்டினி கிடக்க வைக்கும் மனநோய், வந்து நடந்தது என்னவென்று சொந்தபந்தம் எல்லோருக்கும் தெரியும். அதை இங்கே கிளறப் போவதில்லை. அவள் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் என்ற உப்புச்சத்துகள் மூன்றும் சரியாகிவிட்டன. நாடித்துடிப்பு 60-ஐத் தாண்டிவிட்டது. லேப் காகிதம் இன்னும் கையில்தான் இருக்கிறது.

“அக்கா, நீங்க அப்ப எத்தனை கிலோ இருந்தீங்க?” என்று பிள்ளை கேட்டாள். உங்களுக்கும் அனோரெக்சியா இருந்தது, மீண்டு பல வருசமாகிறது என்று முதல் நாளே ஒரே வரியில் சொல்லியிருந்தீர்கள். அதனால்தான் கேட்டாள். டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே, “அது உனக்கு வேண்டாங் கண்ணு. சோத்தைப் பாத்து நானும் அழுதிருக்கேன், அது தெரிஞ்சாப் போதும்” என்றீர்கள். அப்புறம் எதிரே உட்கார்ந்து, அவளுடைய அரிசிம்பருப்புச் சோற்றில் விட்ட அதே ஒரு ஸ்பூன் நெய்யை உங்கள் தட்டிலும் விட்டு, ஓரத்தில் ஒதுக்காமல் பிசைந்து சாப்பிட்டீர்கள். அரை மணி நேரம். சோற்றைப் பற்றி ஒரு பேச்சில்லை. பவானி ஆற்றில் தண்ணீர் வந்ததைப் பற்றிப் பேசினீர்கள்.

அந்த எண்ணைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது புரிகிறது. இந்த நோய்க்குப் போட்டி பிடிக்கும். “அக்கா அவ்வளவு இறங்கியும் பிழைச்சுட்டாங்களே, நான் இன்னும் அங்கே போகலையே” என்று அதையே இலக்காக்கிக்கொள்ளும். என்ன சாப்பிட்டீர்கள், எப்படி ஒளித்தீர்கள் என்பதும் அப்படித்தான். மீண்டு வந்தவருக்கு எல்லாவற்றையும் கொட்டிவிடத்தான் தோன்றும். நீங்களோ மீள முடியும் என்பதை மட்டும் காட்டினீர்கள். ஒளிக்கும் வழியெல்லாம் தெரிந்தும் எங்களிடம்கூட விவரிக்கவில்லை. “சாப்பிட்டு ஒரு மணி நேரம் கூடவே இருங்க, அது போதும்” என்றீர்கள். மனசு கலங்கும் நாளில் நீங்களே உங்கள் மூத்த கவுன்சலரிடம் போய்ப் பேசுவதாகச் சொன்னதும் எங்களுக்குப் பெரிய தைரியம்.

“நாலு வாய்க்கே வயிறு முட்டுது” என்று அவள் அழுதபோது நடிப்பென்று நினைத்தோம். பட்டினி கிடந்த வயிறு மெதுவாகத்தான் காலியாகும், நேரம் தவறாமல் சாப்பிட்டால்தான் பழகும் என்றீர்கள். அதனால்தான் மூன்று வேளைச் சாப்பாடு, நடுவே மூன்று தடவை சிறுதீனி, எந்த இடைவெளியும் நாலு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்ற கணக்கு.

“கண்ணு பட்டுருச்சா சாமி?” என்று கேட்ட அம்மிச்சியை நீங்கள் கடிந்துகொள்ளவில்லை. 1944-45-இல் அமெரிக்காவில், மினசோட்டாவில், நல்ல ஆரோக்கியமான 36 ஆண்களை மாதக்கணக்கில் அரைவயிற்றில் வைத்துப் பார்த்ததைச் சொன்னீர்கள். அவர்களும் நாளெல்லாம் சோற்று நினைப்பாகவே இருந்தார்கள், சிடுசிடுத்தார்கள், சமையல் குறிப்பு சேர்த்தார்கள். “பட்டினியே புத்தியைப் புடிச்சுக்குமுங்க ஆத்தா.” அன்றைக்கு வேப்பிலை அடிப்பதை நிறுத்திய அம்மிச்சி, மறுநாளிலிருந்து சிறுதீனி நேரத்துக்குக் கடிகாரம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அவசரப்பட்டு ஊட்டினால் பாஸ்பேட் சரிந்து இருதயமே தடுமாறும் என்று, தயமின் என்ற பி1 வைட்டமினைக் கொடுத்து, முதல் பத்து நாளும் அளவைப் படிப்படியாக ஏற்றிய டாக்டருக்கும், விடியற்காலையில் ரத்தம் எடுக்க வந்த தம்பிக்கும், வகுப்பிலேயே கடலை உருண்டை சாப்பிட விட்ட டீச்சருக்கும், சந்தவையும் தேங்காய்ப்பாலும் கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டு அம்மிணிக்கும் நன்றி. காங்கேயத்துக் கல்யாணத்தில் “இளைச்சுட்டியே” என்றோ “இப்பத்தான் சதை புடிச்சிருக்குது” என்றோ ஒருவர்கூடச் சொல்லாத சொந்தங்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு. ரெண்டுமே அவளைக் குத்தும்.

எடை பார்க்கும் மெஷின் வீட்டைவிட்டுப் போய்விட்டது. எடை பார்ப்பது இனி உங்களிடம்தான், அதுவும் எண் அவள் கண்ணில் படாதபடி முதுகைத் திருப்பி நின்று. புரட்டாசிச் சனிக்கிழமை விரதம் இந்த வருசம் அவளுக்குக் கிடையாது, பெருமாளிடம் அம்மிச்சியே சொல்லிவிட்டார். அவள் முன்னால் யார் உடம்பைப் பற்றியும், எங்கள் உடம்பைப் பற்றியும்கூட, இனி இந்த வீட்டில் பேச மாட்டோம்.

நாலு மணியாகப் போகிறது. கச்சாயமும் ஒரு டம்ளர் பாலும். எதிரே உட்கார்ந்து சாப்பிட இன்றைக்கு அவள் அப்பாவின் முறை.

ஈரோட்டுப் பக்கமிருந்து,
பிள்ளையின் வீட்டார்